அகலமாகிக்கொண்டிருக்கும் பாலம்

பொதுமக்களின் நலன் கருதி எங்கள் ஊர் ஆற்றின் குறுக்கே ஒரு நடைபாலம் கட்டினார்கள். அதே நலன் கருதி அதைப் பூட்டியும் வைத்தார்கள். என் மனைவிக்கு அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பாலத்தில் நடந்தால் ஐந்து நிமிஷம். பஸ்ஸில் சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம். வீடு திரும்பியதும் நான்தான் பூட்டினதுபோல என்னை ஒரு பிடி பிடிப்பாள். வேலையில்லாமல் வீட்டில் இருந்த நான், பொறுக்கமாட்டாமல் பாலத்துறைக்குப் பத்தொன்பது மனு போட்டேன்.

பூட்டுக்குக் காரணம், முழுக்க நிரம்பாத ஒரு படிவம். 'பாலத்தின் இயல்பு அதிர்வெண்கள் அனைத்தும்' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. ஓரங்களை இறுகப் பிடித்துவைத்த ஒரு தளம் எந்தெந்த வேகத்தில் தானாக ஆடும் என்கிற கணக்கு அது. அதற்கென்றே அமர்த்திய கணித அம்மாள் இரண்டே நாளில் முதல் பத்து எண்களைக் கொடுத்தார். மனிதர் நடையின் வேகத்தோடு ஒத்துப்போனால்தான் பாலம் ஆபத்தாக ஆடும், இவற்றில் எதுவும் ஒத்துப்போகாது, தாராளமாகத் திறக்கலாம் என்றும் எழுதினார்.

பாலத்துறை மேலதிகாரி முகம் சுளித்தார். "அனைத்தும்னு கேட்டிருக்கு. இதுல பத்துதான் இருக்கு."

"மீதியெல்லாம் ஏறிக்கிட்டே போகும் சார். அதுக்கு முடிவே கிடையாது."

"முடிவில்லாத வேலை எங்களுக்கு என்ன புதுசா மேடம்? ஆரம்பிங்க, ஆள் தர்றோம்."

தந்தார்கள். எண்ணுக்கு ஓர் எழுத்தர், நூறு எண்ணுக்கு ஒரு கண்காணிப்பாளர். மனு போட்டவர்களுக்கு முன்னுரிமை என்பதால் எனக்கும் வேலை கிடைத்தது. எண்ணூற்றுப் பன்னிரண்டாம் அதிர்வெண்ணின் பொறுப்பு எழுத்தர் ஆனேன். மேசை, நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த நிர்வாகத்தில் தலைமையகம் மண்ணைப் போட்டது. குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் பொதுநலனுக்குத் தேவையில்லை என்று சுற்றறிக்கை வந்தது. வரம்புக்குள் நானூறு எண்தான் அடங்கியது. என் எண்ணூற்றுப் பன்னிரண்டு வெளியே நின்றது. அவசரக் கூட்டம் போட்டோம். கணித அம்மாள் சும்மா இருக்கமாட்டாமல், வரம்புக்குள் எத்தனை எண் வரும் என்பது தளத்தின் பரப்பைப் பொறுத்தது என்று சொல்லிவைத்தார்.

மறுவாரமே பாலத்தை இரண்டு மடங்கு அகலமாக்கும் வேலை தொடங்கியது. ஆனால் அப்போதும் எண்ணூறுதான் வந்தது. வேறு வழியில்லாமல் நானே மனு போட்டேன், இன்னும் கொஞ்சம் அகலமாக்கச் சொல்லி. இருபதாவது மனு உடனடியாக ஏற்கப்பட்டது.

அகலமாக்கும்போதெல்லாம் பழைய எண்கள் அத்தனையும் மாறிவிடும். நாங்கள் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவோம். முதல் பத்தே போதும் என்று அம்மாள் இன்னமும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை ஒரு கோப்பில் போட்டிருக்கிறோம். இப்போது எங்கள் பாலத்துக்கு நீளத்தைவிட அகலம் அதிகம்.

நேற்று மனைவி கேட்டாள்: "பாலத்தை எப்பதாங்க திறப்பீங்க?"

திறந்தால் எங்கள் அதிர்வெண் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது. அவள் எழுந்துபோய் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தாள். இன்று நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"இன்னும் ஒரு அடி அகலமாக்கினா, எனக்கும் ஒரு எண் கிடைக்குமா?" என்றாள்.