ஆசிட் மாவுக் கஞ்சி

மூன்றாம் நாளே நீல டின் வரிசையில் இருந்த ஆறு பேரும் டம்ளரைத் தொட மறுத்துவிட்டார்கள்.

"எத்திராஜ், குடிப்பா. ஆறிப்போவுது," என்றார் தண்டபாணி.

"வோணாம் சார். இதான் ஆசிட் மாவு. எனுக்கு ரெண்டு புள்ள கீது."

"இதுதான்னு உனக்கு யார் சொன்னது?"

"நீதான் சார். சேப்பு டின்ன ஒத்தக் கைல தூக்குற. நீல டின்ன மட்டும் ரெண்டு கைல தாங்கிகினு வர. எங்களுக்குக் கண்ணு இல்லியா?"

எத்திராஜ் சொன்னது உண்மை.

திருவொற்றியூரில் இருந்த அந்த மாவு ஆலையில் தண்டபாணி பரிசோதனைக்கூட உதவியாளர். மரவள்ளி மாவை ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, பலமுறை அலசிக் காயவைப்பார்கள். அதன்பின் எவ்வளவு கொதித்தாலும் அது நீர்த்துப்போகாது. மூன்று வருடமாகத் துணி ஆலைகளுக்கு விற்றுவந்தார்கள். 1953இல் பம்பாயிலிருந்து ஒரு ஜாம் கம்பெனி அதைக் கேட்டது. ஒரே ஒரு நிபந்தனை: மனிதர்கள் முப்பது நாள் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மானேஜர் ஆசீர்வாதம் வேலையைத் தண்டபாணியிடம் ஒப்படைத்தார். "ஆறு பேருக்கு இந்த மாவுல கஞ்சி, ஆறு பேருக்குச் சாதா மாவுல கஞ்சி. எது எதுன்னு உமக்கு மட்டும்தான் தெரியணும். வாராவாரம் எடை பாரும். ஒழுங்கா முடிச்சா உம்மைப் பெர்மனென்ட் ஆக்குதேன் வே."

இரண்டு வருடத் தற்காலிகம் முடியப்போகிறது என்று தண்டபாணி கொருக்குப்பேட்டை வீட்டில் மனைவி நீலாவிடம் சொன்னார். நீலா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இலவசக் கஞ்சி என்றதும் ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள். ஆறு பேருக்கு நீல டின், ஆறு பேருக்குச் சிவப்பு டின். ஒரு டின்னில் இருப்பது அவர்கள் 'ஆசிட் மாவு' என்று சொல்லும், துணிக்குப் போடுகிற மாவு என்ற விஷயம் காதில் விழுந்த பிறகுதான் இந்தத் தகராறு.

தண்டபாணி யோசித்தார். நீல டின் கஞ்சியில் ஒரு டம்ளர் எடுத்து, எல்லோர் முன்னாலும் நின்று கடகடவென்று குடித்தார்.

"பார்த்தீங்களா? எனக்கு ஏதாவது ஆச்சா?"

நீல வரிசை மெல்லத் தலையாட்டியது. ஆனால் சிவப்பு வரிசையில் சவரிநாதன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"சார் நீலத்தக் குட்ச்சாரு. அப்ப சேப்புலதான்டா விசயம் கீது."

மறுநாள் தண்டபாணி இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் குடித்தார். சவரிநாதன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"படிச்சவரு. வூட்லேந்து கெளம்பசொல்லவே முறிவு மருந்து குட்ச்சிட்டு வந்திருப்பாரு."

இப்போது பன்னிரண்டு டம்ளரும் அப்படியே இருந்தன.

தண்டபாணி மானேஜரிடம் கெஞ்சி ஒரு சலுகை வாங்கினார். கஞ்சி பதினொன்றரைக்கு, சாப்பாட்டுச் சங்கு பன்னிரண்டுக்கு. கஞ்சியை முடித்தவர்கள் சங்குக்குக் காத்திருக்காமல் உடனே வெளியே போகலாம்.

அன்று ஐந்தே நிமிஷத்தில் பன்னிரண்டு டம்ளரும் காலி. தண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் நோட்டில் 'முழுவதும் அருந்தினர்' என்று எழுதினார். நம்பிக்கை குலையக் கூடாதென்று தானும் தினமும் இரண்டு டம்ளர் குடித்தார். மூன்றாவது வாரம் பன்னிரண்டு பேரின் எடையும் இருந்தபடியே இருந்தது. தண்டபாணி மட்டும் நான்கு பவுண்டு ஏறியிருந்தார்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் எத்திராஜும் இன்னும் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளின் மேல் சாய்ந்தார்கள். மூவரும் நீல வரிசை. நீல டின்னில் இருந்தது என்ன என்பது தண்டபாணிக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் மூன்று பேரையும் இரண்டு ரிக்‌ஷாவில் ஏற்றி, கல்மண்டபத்தில் இருந்த டாக்டர் டோரதியிடம் கொண்டுபோனார். வழியெல்லாம் எத்திராஜின் இரண்டு பிள்ளைகளின் ஞாபகமாகவே இருந்தது.

"நான்தான் டாக்டரம்மா கொடுத்தேன்," என்றார் உள்ளே நுழையும்போதே. "மாவு. மருந்துல ஊறவெச்ச மாவு."

டாக்டர் டோரதி எத்திராஜின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நேத்து என்ன சாப்பிட்டே? மறைக்காமச் சொல்லு."

எத்திராஜ் தண்டபாணியை ஓரக்கண்ணால் பார்த்தான். "எறா வடைம்மா. கேட்டாண்ட விக்கிறாங்க. அரை மணி நேரம் சும்மாதான கீறோம்னு..."

"எத்தனை?"

"நான் எட்டு. இவனுங்க கொஞ்சம் கம்மி."

"கெட்டுப்போன இறால். ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்று டாக்டர் கை கழுவப் போனார்.

தண்டபாணிக்குப் போன உயிர் திரும்பியது. "அப்போ கஞ்சியால இல்லியே எத்திராஜ்?"

"கஞ்சியா?" எத்திராஜ் வலியிலும் சிரித்தான். "அத்த எவன் சார் குட்ச்சான்? நீ அந்தாண்ட திரும்பினதும் ஜன்னல் வழியா சாக்கடைல ஊத்திட்டுக் கெளம்பிடுவோம்."

"ஆறு பேருமா?"

"பன்னெண்டு பேரும் சார்."

தண்டபாணி ஆலைக்கு நடந்தே திரும்பினார். ஆசீர்வாதம் அறையில் காண்டீன் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆலை முழுக்கச் சாப்பிடும் அந்தக் காண்டீனை நடத்தும் புஷ்பவல்லி வாளியும் கரண்டியுமாகப் பக்கத்தில் நின்றாள்.

நடந்ததையெல்லாம் கேட்ட ஆசீர்வாதம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

"இன்னும் எட்டு நாளுதானே? பன்னெண்டு பேருக்கும் மாவால ஒண்ணும் ஆகலைன்னு எழுதும். பொய் இல்லையே வே?"

"பொய் இல்ல சார். ஆனா ஒருத்தனும் சாப்பிடலியே. குடிச்சது நான் ஒருத்தன்தான், அதுவும் ரெண்டையும். நாளைக்கு எந்த ஊர்லயோ குழந்தைங்க அந்த ஜாமைச் சாப்பிடும். நான் எழுத மாட்டேன் சார்."

"அப்போ பெர்மனென்ட்?"

தண்டபாணிக்கு நீலாவின் முகமும் அவள் பின்னால் மொத்தத் தெருவும் தெரிந்தன. "வேணாம் சார்," என்றார்.

ஆசீர்வாதம் பெருமூச்சு விட்டு, இலையைக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து, புஷ்பவல்லி. பம்பாய்க்காரன் போனான்."

புஷ்பவல்லி ஊற்றினாள். "இன்னா சார் பேஜாரு? அந்த மாவ நாலு பேரு துன்னு, நல்லாக் கீறாங்கன்னு தெரியணும். அவ்ளோதான?"

"துன்னாத்தானே தெரியும்? அத்தனை பேரும் சாக்கடைல ஊத்திட்டானுங்க," என்றார் தண்டபாணி.

"கஞ்சிய ஊத்தினானுங்க, சரி. என் கொழம்ப எவனாவது ஊத்தினானா கேளு சார்! கிழிஞ்ச மூட்டைலேந்து அந்த ஆசிட் மாவ ரெண்டு கரண்டி கரைச்சு ஊத்தலேன்னா, நீங்க அளந்து குடுக்கற பருப்புக்கு மூணு வருசமா கொழம்பு எப்பிடி சார் இவ்ளோ கெட்டியா வந்துகினு கீது?"