இரண்டாவது கியரில் ஆஸ்பத்திரிக்கு

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தம்பியும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. அதில் பாதி உண்மை. அங்கு நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் முழு நலமாக இருக்க வேண்டுகிறேன்.

"ரத்தப் புற்று வந்தவன டிரைவிங் ஸ்கூல் கார்ல போட்டுக்கிட்டு ஊர் சுத்துறியாமே, அவன நான் இங்கயே கூட்டிட்டு வந்துடுறேன்" என்று நேற்று போனில் சொன்னீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அழ ஆரம்பிக்க, நான் வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். உங்களிடம் வத்தி வைத்தவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன். முழுசாகத் தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

எனக்கிருந்த லீவெல்லாம் முதல் இரண்டு கீமோவிலேயே கரைந்துவிட்டது. மூன்றாவது முடிந்ததும் டிரைவிங் ஸ்கூல் முதலாளி முன்னால் போய் நின்றேன். "லீவு எடுத்துக்கம்மா, வேணாங்கல. ஆனா நீ திரும்பி வர்றப்போ உன் சீட்ல வேற ஆள் உக்காந்திருக்கும்" என்றார். உங்கள் தம்பியின் மருந்துக்கான இன்சூரன்ஸோ என் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் தனியாக விட்டால் தலைசுற்றி விழுகிறார். ஏற்கெனவே இரண்டு தடவை குளியலறையில் விழுந்தாயிற்று. நான் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் காரிலேயே இவரையும் உட்காரவைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜன்னலத் திறந்து வைங்க, எல்லாரும் மாஸ்க் போடுங்க. ஆனா ஒண்ணு, காய்ச்சல் நூறத் தாண்டுச்சுன்னா ஒரு மணி நேரத்துல இங்க இருக்கணும். யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார். அன்றிலிருந்து பின்சீட்டில் ஒரு தலையணை, ஒரு வாளி, ஒரு தெர்மாமீட்டர், உங்கள் தம்பி.

அவராவது சும்மா இருந்தாரா? ஜென்மத்தில் ஸ்டியரிங்கைத் தொடாத மனுஷன், மூன்றே வாரத்தில் எனக்கு மேல் வாத்தியாராகிவிட்டார். "கண்ணாடியப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க" என்று பின்னாலிருந்து ஓயாமல் சொல்லுவார். மொட்டைத் தலையும் மாஸ்க்குமாக இருந்தவரை லைசென்ஸ் அதிகாரி என்று நினைத்து ஒரு அம்மாள் கும்பிட்டே விட்டாள். இவரும் கம்பீரமாகத் தலையாட்டினார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவருக்கு வகுப்பு. டெஸ்டில் இரண்டு தடவை தோற்றவர். பதினோரு வகுப்பாகியும் இரண்டாவது கியரைத் தாண்டாதவர். "மேடம், மூணாவதுல என்ன நடக்கும்னு நிச்சயமாச் சொல்ல முடியாது" என்பார். ஏரிக்கரை ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம். அரைமணி நேரமாகப் பின்னாலிருந்து ஒரு திருத்தமும் வரவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின்கதவைத் திறந்தால், உங்கள் தம்பி தலையணையைக் கட்டிக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்குகிறார். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு என்றது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்; வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். நானே ஓட்டலாம் என்று எழுந்தேன். அந்த நேரம் பார்த்து அவருக்கு வாந்தி வந்து கண் செருகிவிட்டது. தலையை நிமிர்த்திப் பிடிக்காவிட்டால் மூச்சடைத்துவிடும்.

"நீங்க அவரப் புடிங்க மேடம். நான் ஓட்டுறேன்" என்றார் வாத்தியார்.

சொல்லிக்கொடுப்பவருக்கென்று இடது பக்கம் இன்னொரு பிரேக் உண்டு; அதில் யாருடைய காலும் இல்லை, அண்ணி. அப்படி ஒரு காரில் நான் ஏறியதே கிடையாது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இண்டிகேட்டர், இடது பக்கம், இடது, சார் அது வைப்பர்!" என்று கத்திக்கொண்டே போனேன். வாத்தியாரின் பின்கழுத்தெல்லாம் வேர்வை. எங்களுக்குப் பின்னால் ஊரே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. பாலத்தில் ஏறும்போது வண்டி முக்கி முனகியது. அப்போதுதான் உங்கள் தம்பி கண்ணைத் திறந்தார்.

"சார், மூணாவது போடுங்க. செத்தாலும் நான் ரெண்டாவதுல சாகமாட்டேன்."

வாத்தியார் போட்டார். வண்டி குதித்தது, ஓடியது. எமர்ஜென்சி வாசலில் பிரேக்கை மறந்து கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கித் தானே செத்து நின்றது. ஸ்ட்ரெச்சர் வந்து அவரை உள்ளே கொண்டுபோன பிறகும் வாத்தியார் ஸ்டியரிங்கை விடவில்லை. நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "மேடம், நான் பாஸா?" என்று கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதிருப்பேன், பத்து மணிக்கு அடுத்த வகுப்பு என்று முதலாளி போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. இன்னும் அரைமணி போயிருந்தால் எங்கள் கையில் இல்லை என்றார் டாக்டர். எட்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது வெள்ளணுக்கள் ஏறிவிட்டன, கஞ்சி இறங்குகிறது, என் ரிவர்ஸில் குற்றம் கண்டுபிடிக்கிறார். ஆகையால் நீங்கள் பதற வேண்டாம். அவரைக் கூட்டிப்போகவும் வேண்டாம், வரவும் வேண்டாம். வேலையையும் அவரையும் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தத்தையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் முழங்கால் வலி தீர்ந்து நீங்கள் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை வண்டியில் ஏறினேன். சாவியைப் போட்டேன். காலடியில் மூன்று பெடல்கள் இருந்தன. எது எதற்கு என்று தெரியவில்லை, அண்ணி. பத்தொன்பது வருஷமாக ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள், ஒரு நிமிஷம் முழுக்க அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ராத்திரியெல்லாம் அவர் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே விழித்திருக்கிறேன், அதுதான் போலிருக்கிறது. முதலாளியிடம் இன்று ஒரு நாள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மேலே "வரவும் வேண்டாம்" என்று எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். அவரைக் கூட்டிப்போகாதீர்கள், நீங்கள் வந்து இங்கே இருங்கள். நான் கொஞ்சம் தூங்க வேண்டும்.