சாப்பாட்டு டப்பாவுக்குச் சிவப்புப் பொட்டு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அக்காவும் நானும் உடம்பளவில் நலம். தங்கள் வீட்டிலும் அப்படியே என்று நம்பி, மனதளவு நலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது இங்கே சுத்தமாக இல்லை.

என் மகளை ஓவியக் கல்லூரியில் சேர்க்கச் சொன்னது தாங்கள்தான் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, ஞாபகத்துக்குச் சொல்கிறேன். அவள் படம் ஒன்றைக் கலைக்கூடத்துக்காரர் விற்றாரல்லவா, அதை வாங்கியவர் பலமடங்கு விலைக்கு இன்னொருவரிடம் தள்ளிவிட, அவர் அதற்கும் மேலே வேறொருவரிடம் தள்ளிவிட, படம் பணக்காரியாகிக்கொண்டே போகிறது. வரைந்தவளோ வண்ணக் குழாயைக் கத்தரித்து உள்ளே ஒட்டியதை வழித்துக்கொண்டிருக்கிறாள். கோபம் வந்தால் மற்ற பிள்ளைகள் கதவைச் சாத்தும். இவள் அதே கலைக்கூடத்தில் கண்காட்சி வைத்துவிட்டாள். அதில் படமே கிடையாது.

“படம் எங்கம்மா?” என்றேன்.

“படம் இல்லப்பா. வேலை மட்டும்தான். ஒரு படத்துக்குப் பின்னாடி எவ்வளவு வேலை இருக்குன்னு பார்க்கட்டும்.”

காலையில் போய்க் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, சட்டத்தில் துணியை இழுத்து ஆணியடித்து, வெள்ளை பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, சாயங்காலம் அத்தனையையும் பிரித்துப் போட்டுவிட்டு வருகிறாள். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. ஜனங்கள் கைகட்டி நின்று பார்க்கிறார்கள். வீட்டில் நான் பாத்திரம் தேய்த்தால் ஏனென்று கேட்க ஆளில்லை.

நேற்று முன்தினம் டப்பாவில் சாப்பாடு கொண்டுபோனேன். பிள்ளையின் விரலெல்லாம் கொப்புளம்.

“கொடும்மா இப்படி. நீ சாப்பிடு.”

“அப்பா, தள்ளிப் போங்க. எல்லாரும் பார்க்கிறாங்க.”

“அதுக்குத்தானே உட்கார்ந்திருக்க.”

உப்புத்தாளைப் பிடுங்கி நானே தேய்த்தேன். அவள் வேறு வழியில்லாமல் மூலையில் போய்ச் சாப்பிட்டாள். மறுநாள் பத்திரிகையில், ‘முதியவரின் நடுங்கும் கைகள் சந்தையை நோக்கிக் கேள்வி எழுப்புகின்றன’ என்று ஒருவர் எழுதிவிட்டார். ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டு மாடி ஏறினேன், கை நடுங்கியது, அவ்வளவுதான் விஷயம். சந்தையை நோக்கி நான் எழுப்பிய கேள்வியெல்லாம் தக்காளி ஏன் இந்த விலை என்பதுதான்.

அன்று நான் கிளம்பும்போதே கூடத்துக்காரர் காதோரம் வந்தார். “சார், அந்த டப்பா இங்கயே இருக்கட்டும். ஒருத்தர் விலைக்குக் கேட்கிறார்.”

“அது கழுவலையே.”

“கழுவாததுதான் வேணுமாம்.”

சொல்லிக்கொண்டே மூடியில் சிவப்புப் பொட்டு ஒட்டினார். அப்படியென்றால் விற்றாயிற்று என்று அர்த்தமாம். மகள் விற்க முடியாதென்றாள். அவர் அப்படியானால் கண்காட்சியையே மூடிவிடுவேன் என்றார். டப்பாவை இவள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பற்றிக்கொண்டு நிற்க, நான் பயந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் அக்கா டப்பா எங்கே என்று கேட்டாள். “விலை போயிருச்சு” என்றேன். அதிலிருந்து பேச்சே இல்லை. அவள் பேசாமலிருந்தால் என்ன ஆகும் என்பது கூடப்பிறந்த தங்களுக்குத் தெரியாததல்ல.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிழைப்பு கெட்டுவிடுமோ, கூடத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அவளை ஒதுக்கிவிடுவார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆகவே உடனே புறப்பட்டு வந்து அவளுக்குப் புத்தி சொல்லுங்கள். ஏதோ பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலை காலி என்றீர்களே, அதையும் பிடித்து வையுங்கள்.

தங்கள் குழந்தைகள் நன்றாகப் படித்து, கையெழுத்தைத் தவிர வேறெதையும் அழகாகப் போடாமலிருக்க என் ஆசிகள்.

கவலையுடன்,
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா டப்பாவை மீட்கக் கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். டப்பாவை எடுத்து இடுக்கிக்கொண்டு, பொட்டை உரித்துக் கூடத்துக்காரரின் சட்டையிலேயே ஒட்டினாள்.

“தரை துடைக்கிறவங்களுக்குச் சம்பளம் உண்டா?”

“உண்டும்மா.”

“விளக்கு மாட்டுறவருக்கு?”

“உண்டு.”

“அப்ப இங்க சம்பளமில்லாம வேலை பார்க்கிறது எம் பொண்ணு ஒருத்திதானா?”

கூட்டம் அவள் பக்கமிருந்து அவர் பக்கம் திரும்பியது. கண்காட்சி முடியும்வரை தினக்கூலி தர ஒப்புக்கொண்டார். ஆகவே பள்ளிக்கூட வேலை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். மகளின் விரல் ஆறும்வரை தேய்ப்பது நான், ஆணியடிப்பது உங்கள் அக்கா. வெள்ளை பூசத்தான் ஆளில்லை. பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.