முன்னால் கூர், பக்கத்தில் முண்டு

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க!"

"தள்ளுறதுக்கு இது என்ன நின்னுபோன பஸ்ஸா? கால் உள்ளே போக மாட்டேங்குது."

"கால் போகுதுங்க. முண்டுதான் மாட்டேங்குது!"

கால், செருப்புக்கடையில் விற்பனை பார்ப்பவளுடையது. தள்ளியவர் அவள் கணவர், சோபா தைப்பவர். முண்டு, அவளுடைய பெருவிரலின் அடியில் பல வருடங்களாக மெல்ல மெல்லப் பிதுங்கி, விரலைப் பக்கத்து விரல்மேல் சாய்த்துவிட்டு, வெளியே முட்டிக்கொண்டு நிற்கும் எலும்பு.

"தைலம் தேச்சா கரையுற சமாச்சாரம் இல்லம்மா, மூட்டே சாஞ்சிருக்கு. முன்பக்கம் அகலமான செருப்பாப் போடுங்க. ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நிற்காமல் எப்படி? அந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. மேனேஜருக்கு மட்டும்தான் நாற்காலி. அந்த நாற்காலி இப்போது காலி! நாளை மத்தியானம் முதலாளியம்மா வந்து புது மேனேஜரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார். எல்லோரும் கடை தந்த, முன்பக்கம் மூடிய புது மாடல் கூர்மூக்குச் செருப்பைப் போட்டு அவர் முன்னால் நடந்து காட்ட வேண்டும்.

"அது சுத்துற நாற்காலிங்க! கிடைச்சா முதல்ல உக்காந்து ஒரு சுத்து சுத்துவேன்."

"முதல்ல செருப்புக்குள்ள நுழையற வழியைப் பாரு."

பையில் தண்ணீர் நிரப்பிச் செருப்புக்குள் திணித்து உறைய வைத்தால் தோல் விரியும் என்பது அவளுடைய யோசனை. பை ஒழுகியது. செருப்பு பிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டது. இருவருமாகப் பிடித்து இழுத்ததில் செருப்பு ஒரு பக்கமும் அடித்தோல் ஒரு பக்கமுமாக வந்தன.

"பதறாதே. சோபா கோந்து இருக்கு" என்றார் கணவர். கோந்து காய்ந்ததும் செருப்பு பலகை மாதிரி விறைத்தது.

"இப்ப இதை வச்சு ஆணி அடிக்கலாம்" என்றாள். அழுகை முட்டியது.

கணவர் தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். முண்டு இடிக்கும் இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டார். காலை நுழைத்தாள். ஜன்னலில் தலை நீட்டுவது போல முண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"ஐயோ, வலிக்கவே இல்லைங்க!"

"ஆனா தெரியுதே!"

அதற்கும் வழி வைத்திருந்தார். சோபா முதுகில் வைத்துத் தைக்கும் பெரிய சிவப்பு வெல்வெட் பொத்தானால் ஓட்டையை மூடினார். ஒரு செருப்பில் மட்டும் இருந்தால் ஊர் சிரிக்குமே என்று மற்றதிலும் ஓட்டை, மற்றதிலும் பொத்தான்.

"அக்கா, உங்க காலைப் பார்த்தா உக்காரணும் போல இருக்கு" என்றாள் மறுநாள் கடையில் கேஷியர்.

"வாயை மூடு. மேடம் வந்துட்டாங்க."

முதலாளியம்மா கூர்மூக்குச் செருப்பில் படகு மாதிரி மிதந்து வந்தார். கையில் காபியோடு நேராக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பெண்கள் ஒவ்வொருவராக நடந்தார்கள். நம்மவள் முறை வந்தது. முதல் நடை அபாரம்! திரும்பி நடக்கையில் வீங்கிய முண்டு உள்ளிருந்து ஒரு முட்டு முட்டியது. டப்! பொத்தான் தெறித்து, பறந்து, முதலாளியம்மாவின் காபியில் விழுந்தது.

சிவந்த முண்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் செருப்பை வெட்டியிருக்கியா?" முதலாளியம்மாவின் குரல் உயர்ந்தது. "எல்லாரும் வெளியே போங்க. நீ மட்டும் இரு. கதவைச் சாத்து."

போச்சு. நாற்காலியும் போச்சு, நிற்கிற வேலையும் போச்சு.

"மேடம், மன்னிச்சுடுங்க…"

"வெட்டினது யாரு?"

"என் வீட்டுக்காரர்தான், மேடம். சோபா தைக்கிறவர். அவரைத் திட்டாதீங்க, நான்தான்…"

முதலாளியம்மா கதவை ஒருமுறை பார்த்தார். குனிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தன் இரண்டு செருப்புகளையும் உருவிப் போட்டார். குரல் கெஞ்சலாக இறங்கியது.

"இதைவிடப் பெருசா எனக்கு ரெண்டு கால்லயும் இருக்கும்மா. உங்க வீட்டுக்காரரை அந்தக் கத்தியோட கொஞ்சம் வரச் சொல்றியா?"