கழிவண்ணை தராசில் ஏறிய நாள்

ஓமந்தையிலிருந்து நெளுக்குளம் வரைக்கும் உள்ள மனிதர்களின் நிறையெல்லாம் ஒருவருக்குத் தெரியும். அந்த ஒருவரின் நிறை மட்டும் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர்தான் எங்கள் மில்லில் நெல் நிறுக்கிற கழிவண்ணை.

பெயரைக் கேட்டு மூக்கைப் பிடிக்க வேண்டாம். கமக்காரர் கொண்டுவரும் நெல்லைத் தராசில் ஏற்றி, சாக்கின் நிறையையும் ஈரத்தின் நிறையையும் கழித்து, மிச்சத்தைச் சொல்வதுதான் அவர் வேலை. அந்தக் கழிவால் வந்த பெயர் அது. ஈரம் பார்க்க மில்லில் ஒரு கருவி உண்டு. அது அலுமாரிக்குள் நிம்மதியாக இருந்தது. கழிவண்ணை ஒரு நெல்லை எடுத்துப் பல்லுக்கிடையில் வைப்பார். "டிக்" என்றால் காய்ந்தது. "சதக்" என்றால் ஈரம். கருவியோடு சண்டை பிடித்த கமக்காரர் உண்டு. அவருடைய பல்லோடு சண்டை பிடித்தவர் இல்லை.

நான் அதே மில்லில் சாக்கின் வாய் தைக்கிறவள். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கதைப்பதும் ஏறக்குறைய அதோடு முடிந்தது. காலையில் "வந்திட்டன்", பின்னேரம் "போட்டு வாறன்" என்று இரண்டு சொல்லில் ஒரு நாளை ஒப்பேற்றிவிடுவேன்.

கழிவண்ணைக்கு என் பங்கையும் சேர்த்துக் கதைக்க வரும். யாராவது மில் வாசலுக்கு வந்தால் "ஐம்பத்தெட்டு. குடை, செருப்புக் கழிச்சா ஐம்பத்தாறரை" என்பார். வந்தவர் சிரித்துக்கொண்டே தராசில் ஏறிப் பார்ப்பார். இறங்கும்போது சிரிப்பு இருக்காது. முதலாளியின் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை ஒருநாள் மில்லைப் பார்க்க வந்தார். கழிவண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

"எண்பத்தொண்டு. கலியாணப் பேச்சு துவங்கேக்க எழுபத்திரண்டா இருந்திருப்பார்."

மாப்பிள்ளை வடையைத் தட்டில் திரும்ப வைத்தார். "நீ வாயை மூடிக்கொண்டு நெல்லை நிறு!" என்று முதலாளி கத்தினார்.

அவர் மட்டும் தராசில் ஏறியதே இல்லை. மூன்று பிளாஸ்டிக் கதிரைகள் அவருக்குக் கீழே உயிரை விட்ட பிறகு, இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டுத்தான் இருப்பார். அவர் ஏறினால் மோட்டார் சைக்கிள் ஒருமுறை பெருமூச்சு விடும். மத்தியானத்துக்கு இரண்டு சோற்றுப் பார்சல். ஏன் இரண்டு என்று கேட்டால், "ஒண்டு பசிக்கு. மற்றது சீனி வருத்தக் குளிசைக்கு. வெறும் வயித்தில போடக்கூடாதெல்லோ!" என்பார்.

போன வருடம் அவருடைய கதைச் சத்தம் குறையத் தொடங்கியது. முழங்கால் மடங்க மறுத்தது. இரண்டு சாக்கு நிறுத்தால் மூன்றாவதற்கு மூச்சு வாங்கியது. டொக்டரிடம் போய் வந்த அன்று நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இரைப்பையை வெட்டிச் சின்னனாக்கித் தைக்கிறாங்களாம். நூறு கிலோச் சாக்கை இருபது கிலோச் சாக்காக்கிற மாதிரி." என் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஒற்றைத் தையலோ, இரட்டைத் தையலோ?"

"இரட்டை."

"அவிண்ட சாக்கு இருக்கோ?"

"ஒண்டு. அது மழையில நனைஞ்சது."

"அப்ப நான் நனையாமல் இருக்கோணும்" என்றார்.

கொழும்பில்தான் செய்ய வேண்டும், செலவு பெரியது. கையில் இருந்தது சேமலாப நிதி மட்டும்தான். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்த்து, ஐம்பத்தைந்து வயதில் எடுக்கிற காசு. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு. வைத்தியத்துக்கென்றாலோ வீட்டுக்கென்றாலோ ஒரு பங்கை முன்கூட்டியே எடுக்கலாம் என்று முதலாளி சொன்னார். வீடு என்ற சொல் அவருடைய மனைவி ராசக்காவின் காதில் விழுந்துவிட்டது. அடுத்த நாள் சாப்பாட்டோடு மில்லுக்கே வந்துவிட்டார்.

"வயதுபோன காலத்துக்கு வைச்ச காசை வயித்துக்குள்ள கொட்டுறதோ? வீட்டுக்கெண்டு எடுத்தா நான் சமைக்கிற குசினியைப் பெருப்பிக்கலாம்."

"குசினியைப் பெருப்பிச்சா நானும் பெருப்பன்."

"வாயைக் கட்டுங்கோ. அது செலவில்லாத வைத்தியம்."

"இருபது வருசமாக் கட்டுறன். கயிறு அறுந்து போகுது, நான் என்ன செய்ய?"

எல்லோரும் சிரித்தோம். கழிவண்ணை சிரிக்கவில்லை.

"டொக்டர் சொல்லுறதைப் பாத்தா காசு மட்டும்தான் ஐம்பத்தஞ்சுக்குப் போய்ச் சேரும், ராசம். நான் போய்ச் சேரமாட்டன்."

ராசக்கா பையை எடுத்துக்கொண்டு போனார்.

காசு எடுக்க டொக்டரின் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு நிறை வேண்டும். கிளினிக்கில் இருந்த தராசின் முள் ஒரு சுற்றுப் போய் முட்டி நின்றுவிட்டதாம். "பெரிய தராசில நிறுத்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரிய தராசு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

அன்று மில் முழுவதும் பந்தயம். தோற்றவர் எல்லோருக்கும் வடை வாங்க வேண்டும். முதலாளியும் ஒரு எண் சொல்லியிருந்தார். கழிவண்ணை எல்லோரையும் வெளியே துரத்தினார்.

"தங்கச்சி மட்டும் நிக்கட்டும். அவள் வெளியில கதைக்கமாட்டாள்."

கதவு சாத்தப்பட்டது. குளத்தில் இறங்குகிறவர் போல முதலில் பெருவிரலை வைத்தார். பிறகு ஏறினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"உடுத்த சாரத்தைக் கழி." கழித்தேன். "பெனியன், பெல்ட்." கழித்தேன். "காலமைச் சாப்பிட்ட புட்டு."

"எத்தினை நீத்துப்பெட்டி அவிச்சது?"

"அதைக் கேளாதை. ரண்டு கிலோ போடு. பிறகு வேர்வை. ஈரம்தானே, அஞ்சு வீதம் கழி."

என் பேனை நின்றுவிட்டது. கழித்துக் கழித்து வந்த எண்ணைப் பார்த்தேன். அதை எழுதிக் கொடுத்தால் டொக்டர் நம்புவார். இவர் அவ்வளவு மோசமில்லை, கொஞ்சம் பொறுக்கலாம் என்றும் சொல்லக்கூடும். பதினொரு வருடத்தில் நான் அவரை மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை.

"அண்ணை, ஆளுக்குக் கழிவில்லை."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கழிவண்ணை கண்ணைத் திறந்தார். சிவப்பு எண்களைக் குனிந்து பார்த்தார். வயிறு மறைத்தது. இன்னும் குனிந்து பார்த்தார்.

"ஓம். நீ சொல்லுறதுதான் சரி. உள்ளதை எழுது."

மில் துண்டிலேயே எழுதிக் கொடுத்தேன். அந்த எண்ணை முதலாளி கேட்டார், டிரைவர் கேட்டார், வடைக்காரரும் கேட்டார். நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

துண்டு முதலில் ராசக்காவின் கைக்குப் போனது. அடுத்த நாள் காலையே சேமலாப நிதிக் கடதாசிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு மில்லுக்கு வந்தார்.

"குசினி கிடக்கட்டும். அடுப்பு எங்க வைச்சாலும் எரியும்" என்று முதலாளியிடம் கொடுத்தார். "எங்க கையெழுத்து வைக்கவேணுமெண்டு காட்டுங்கோ. இவர் அதையும் பிழையா வைச்சுப்போடுவார்."

டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். பதற்றத்தில், பழக்கதோஷத்தில், நிறைக்குக் கீழே நான் "சாக்கு – 1" என்று எழுதியிருக்கிறேன். "பிழையில்லை, இந்தச் சாக்கைத்தான் வெட்டப்போறம்" என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தாராம்.

காசு வந்தது. அவர் கொழும்புக்குப் போனார். முதலாளி அலுமாரியைத் திறந்து ஈரம் பார்க்கும் கருவியை வெளியே எடுத்தார். முதல் நாளே கமக்காரர் ஒருவர், "உந்தக் கருவியை உள்ள வையுங்கோ. கழிவண்ணையின்ர பல்லு எப்ப வரும்?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். கேட்க வாய் வரவில்லை. அந்த நாட்களில் நான் தைத்த சாக்குகளை எடுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் தையல் கொஞ்சம் கூடவாக இருக்கும்.

ஒன்றரை மாதத்தில் பல்லும் வந்தது, ஆளும் வந்தார். சாரம் இடுப்பில் இன்னொரு சுற்றுச் சுற்றியிருந்தது. பழக்கத்தில் இரண்டு கதிரைகளை இழுத்தவர், யோசித்து, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றதில் மத்தியானச் சாப்பாட்டை வைத்தார். அது ஒரு கோப்பைக் கஞ்சி. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இரட்டைத் தையலுக்கு மேலயாம், தங்கச்சி. கேட்டு உறுதிப்படுத்திப்போட்டுத்தான் மயங்கினனான்."

இப்போது மாதம் ஒருமுறை தானாகவே தராசில் ஏறுகிறார். கதவு சாத்துவதில்லை, கண் மூடுவதுமில்லை. குனியாமலே எண் தெரிகிறது. ஆனாலும் என்னைத்தான் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார். போன கிழமையும் ஏறினார். வாசித்தேன்.

"சாரத்தைக் கழிப்பமோ?" என்று பழைய குறும்போடு கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். இவ்வளவு குறைந்ததே போதும். மிச்சம் இருக்கிற மனிதனில் இனி ஒரு கிராமையும் கழிக்க எனக்கு மனமில்லை.