பீனால் தின்றவர்களுக்குச் சர்க்கரை கொடுத்தது பற்றி

பெருமதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் சித்தியும் நலமென்று நம்பித் தொடங்குகிறேன். படித்து முடித்தபின் உங்கள் நலத்துக்கு நான் பொறுப்பில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "என்னடா, நம்ம பசங்க சாப்பிடுறாங்களா?" சாப்பிடுகிறார்கள் என்றேன். பொய்யில்லை. எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

உங்கள் மனை, நீங்கள் முப்பது வருடம் பெயின்ட் ஆலையில் டிரம் கழுவி, கழுவிய தண்ணீரைக் கொட்டிய இடம். ஆலையை மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாக அதையே உங்கள் தலையில் கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டினால் மருந்து நெடி. புல்கூட முளைக்கவில்லை. மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்குப் படியேறுவது சித்தியின் முழங்காலுக்கு ஆகவில்லை. "நான் கொட்டினது, நான்தான் எடுக்கணும்" என்றீர்கள். எடுக்கவே வேண்டாம், அந்த நெடிக்குக் காரணமான பீனால் என்ற விஷத்தையே தின்று வாழும் பாக்டீரியா அந்த மண்ணில் இருக்கும், பெருக்கித் திருப்பி விட்டால் ஒரே வருடத்தில் சுத்தம் என்று சொன்னேன். அப்போது நான் ஆராய்ச்சியில் சேர்ந்து இரண்டு வாரம்.

உங்கள் மனையிலிருந்து எடுத்துவந்த ஒரு டப்பா மண்ணில் அந்த 'நம்ம பசங்க' இருந்தார்கள், சித்தப்பா. உண்மையாகவே இருந்தார்கள். ஒரு குடுவை, அதில் பீனால் மட்டும். வேறு சாப்பாடு இல்லை. மெதுவாகத் தின்றார்கள், முகம் சுளிக்காமல். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் சர்க்கரை போட்டேன். மறுநாள் குடுவை பால்போலக் கலங்கியிருந்தது. அவ்வளவு கூட்டம். மூன்று மாதம் தினமும் புதுச் சர்க்கரைக்கு மாற்றினேன், பெருமையாகப் போட்டோ எடுத்தேன், பழைய குடுவைகளைக் கழுவி வைத்தேன், முதல் நாளே ஒரு குப்பி எடுத்து விதைக்காக உறையவைத்திருக்க வேண்டியதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன், கடைசியில் ஒருநாள் பீனாலைத் திரும்பக் கொடுத்தபோது ஒருவரும் தொடவில்லை. குடுவை கண்ணாடிபோல் தெளிந்து நின்றது. பட்டினி கிடந்து செத்தார்கள். எத்தனையோ தலைமுறையாகத் தேவைப்படாத வித்தையை மறந்துவிட்டார்கள் என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டியேப்பா" என்றார்.

போனால் போகிறது, மனையில் இன்னொரு டப்பா மண் எடுக்கலாம் என்று சித்தியை அழைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரை போட்டதும் பலமடங்கு பெருகிவிட்டார்கள் என்று முன்பொருநாள் உங்களிடம் பீற்றிக்கொண்டேனே, அன்றிலிருந்து நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்களாம். சித்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவருக்கு இருக்கிற சுகருக்கு டீயில ஒரு ஸ்பூன் போட விடமாட்டேன். இவரு பக்கெட் பக்கெட்டாக் கரைச்சு மண்ணுக்கு ஊத்திட்டிருக்காரு. தெரு எறும்பு பூரா நம்ம மனையிலதான் குடியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா, வேலைக்காரங்களுக்குச் சாப்பாடு போடுறேன்னு சொல்றாரு."

நான் சிரித்தேன். பிறகு போனை வைத்துவிட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மண்ணில் மிச்சமிருந்தவர்களும் இந்நேரம் சர்க்கரைக்குப் பழகியிருப்பார்கள். விஷத்திலேயே பிழைக்கக் கற்றவர்கள். கற்க எத்தனை வருடம் ஆனதோ. நாம் இருவரும் அன்பாலேயே மறக்கடித்துவிட்டோம். இல்லை, நான்தான். உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். சர்க்கரை ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். என்னை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மண்ணை வாரி எடுத்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, சீக்கிரம் தரைமட்டத்தில் ஒரு வீடு கட்டிச் சித்தியைக் குடிவையுங்கள். என்னை மன்னிக்க வேண்டும்.

உங்கள் ஆசிக்குத் தகுதியில்லாத, ஆனாலும் எதிர்பார்க்கிற,
அண்ணன் மகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது வழிகாட்டி கூப்பிட்டார். விஷம் தின்னும் உயிர்கள் சர்க்கரையைக் கண்டதும் அதை எப்படி மறக்கின்றன என்பதுதான் இனி என் ஆய்வுத் தலைப்பாம். திறந்த நிலத்தில் இத்தனை நாள் சர்க்கரை ஊற்றிய இடம் தேடினாலும் கிடைக்காது என்கிறார். அதனால் நிறுத்த வேண்டாம், சித்தப்பா. பாதி மனைக்கு மட்டும் ஊற்றுங்கள். மறுபாதி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். யாரையும் மண்ணில் கைவைக்க விடாதீர்கள். மூன்று வருடம் போதும்.