மாமிக்கு எட்டாத கடல்

"...பாசிக்குடா எண்டா நாங்களும் வேன் புடிச்சி வந்து பாப்பமே மகன், புரியாணியும் கட்டிட்டு வாறம்" என்று மாமி சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இத்தனைக்கும் நான் தண்ணீருக்குள் இல்லை. கல்முனையில், மனைவி வீட்டுக் கதிரையில் தேநீரோடு இருந்தேன்.

(எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. அங்கே மாமி சொன்னால் மேன்முறையீடு கிடையாது.)

மாலைதீவு ஹோட்டலொன்றில் எனக்கு வேலை காத்திருந்தது. கடலுக்கடியில் சுழியோடப் பழகிய ஆரம்பச் சான்றிதழை மாத முடிவுக்குள் காட்டவேண்டும். புத்தியுள்ளவன் பயிற்றுநர் எப்படி, சிலிண்டர் எப்படி என்று விசாரித்து இடம் பார்ப்பான். நான் விசாரித்தது ஒன்றுதான்: மாமியின் வேன் அங்கே வருமா? எங்கள் கரையிலேயே இருக்கிற பாசிக்குடா வெட்டுப்பட்டது. திருகோணமலையில் மாமியின் தங்கை இருக்கிறார், அதுவும் போயிற்று. மிஞ்சியது நாட்டின் மறுகரை, ஹிக்கடுவ. ஆமையொன்று சிரிக்கிற படத்தைப் போனில் பார்த்தேன், பதிந்துவிட்டேன்.

அப்போது ஜூலை மாதம். எங்கள் கடல் தட்டில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரிக் கிடந்தது. கல்முனையில் கடல் தூங்கினால் உலகமெல்லாம் தூங்கும் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

ஹிக்கடுவவில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தென்னை உயரத்துக்கு அலை!

"மல்லி எந்த ஊர்?" என்றார் பயிற்றுநர், தம்பி என்பதைச் சிங்களத்தில்.

"கல்முனை."

"ஐயோ, இப்ப நல்ல கடல் உங்கட பக்கம்தானே! இங்க நீச்சல் தடாகத்தில மட்டும்தான் பாடம். போன்ல சொன்னேனே?"

சொல்லியிருப்பார். நான் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஹோட்டல் தடாகத்தின் அடியில் சிலிண்டரோடு குந்தியிருந்து படித்தேன். தலைக்கு மேலே யாரோ ஒரு குழந்தையின் ரப்பர் வாத்து மிதந்து போனது. நான் கண்ட ஒரே கடல்வாழ் உயிரினம் அதுதான். கடைசியில், "கடல் பாடம் மட்டும் பாக்கி. அதை வேற இடத்தில முடிக்கலாம், நான் எழுதித் தாறன்" என்றார்.

"கிட்டடியில எந்த இடம்?"

"உங்களுக்கு லேசு, பாசிக்குடா."

மாமி வேன் பிடிக்கவில்லை. முழு பஸ்ஸே பிடித்திருந்தார். திருகோணமலைத் தங்கையும் வந்திருந்தார்.

கடலுக்கடியில் நான் நன்றாகத்தான் செய்தேன். (சத்தியமாக. சான்றிதழும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.) ஆனால் சுழியோடி மேலே வருகிறவனின் மூக்கு என்ன கோலத்தில் இருக்கும் என்பதை எந்த விளம்பரப் படமும் காட்டுவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் வீரனாக எழும்பி முகக்கண்ணாடியைக் கழற்றினேன். மச்சான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். இன்றைக்கும் மாலைதீவிலிருந்து போன் எடுத்தால், ஸலாம் சொல்ல முன்னம் அவன் கேட்பது, "மச்சான், மூக்குச் சுகமா?"

"அல்லாஹ்வே, புள்ளைக்கு மூக்கால வடியுது!" என்றொரு சத்தம் கரையில் கேட்டது. வெள்ளைக்காரர்கள் விலகி வழிவிட, மாமி சாரி நனைய நனையக் கடலுக்குள் நடந்து வந்தார். முந்தானை நுனியால் என் மூக்கைப் பொத்திப் பிடித்தார்.

"ம், நல்லாச் சீறுங்க மகன்."

சீறினேன். துடைத்துவிட்டு, மற்ற மாணவர்களின் மூக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.